இடம் மாறிய வாதம்: ஐரோப்பாவிலிருந்து விலகுவது குறித்த பிரிட்டன் விவாதம், 1962–2020

ஐரோப்பியப் பொதுச்சந்தையில் நீடிக்கலாமா என்று 1975 ஜூன் 5 அன்று பிரிட்டன் தன் மக்களைக் கேட்டது. நீடிக்கலாம் என்று வாக்களித்தவர்கள் 1,73,78,581 பேர். ஏறத்தாழ அதே கேள்வி 2016 ஜூன் 23 அன்று மறுபடி கேட்கப்பட்டது. இம்முறை விலக வேண்டும் என்றவர்கள் 1,74,10,742 பேர். இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள வித்தியாசம் வெறும் 32,161.

இடைப்பட்ட 41 ஆண்டுகளில் என்னதான் நடந்தது? குடியேற்றம், 2008 நிதி நெருக்கடி, பேருந்தில் எழுதி ஊர் ஊராகக் கொண்டு சென்ற வாரம் 35 கோடி பவுண்டு கணக்கு என்று வழக்கமாகச் சில காரணங்களைச் சொல்வார்கள். இவற்றுக்கு இடம் உண்டு. ஆனால் இவை 2016ஐ மட்டுமே விளக்குகின்றன. அதற்கு முந்தைய அரை நூற்றாண்டுச் சர்ச்சையை விளக்குவதில்லை. விலகல் வாதத்தின் உள்ளடக்கம் 1962 முதல் பெரிதாக மாறவில்லை, அதைத் தூக்கிப் பிடித்தவர்கள்தான் மாறினார்கள், அந்த மாற்றம் 1988இல் நிகழ்ந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இடதுசாரிகளின் இறையாண்மை

1957இல் ஆறு நாடுகள் ரோம் உடன்படிக்கையில் கையெழுத்திட்டபோது பிரிட்டன் ஒதுங்கி நின்றது. 1961இல் கன்சர்வேட்டிவ் பிரதமர் ஹெரால்ட் மேக்மில்லன் சேர்வதற்கு விண்ணப்பித்தார். இறையாண்மையை முன்வைத்து அதை எதிர்த்த முதல் பெரிய குரல் தொழிலாளர் கட்சியிலிருந்து வந்தது. 1962 அக்டோபரில் பிரைட்டனில் நடந்த கட்சி மாநாட்டில் தலைவர் ஹியூ கெயிட்ஸ்கெல், ஐரோப்பியக் கூட்டாட்சியில் கரைவது ஆயிரம் ஆண்டு வரலாற்றின் முடிவாகிவிடும் என்று எச்சரித்தார். காமன்வெல்த் நாடுகளைக் கைவிட்டுவிட்டு எந்த முகத்தோடு ஐரோப்பாவுக்குப் போவது என்பதும் அவருடைய கவலை. கட்சிக்குள் அவரோடு எப்போதும் மோதிய இடதுசாரிகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவருடைய நெருங்கிய நண்பர்கள் வாயடைத்துப் போனார்கள்.

பிரெஞ்சு அதிபர் டி கோல் 1963இலும் 1967இலும் பிரிட்டனுக்குக் கதவை அடைத்தார். அவர் பதவி விலகிய பிறகே வழி திறந்தது. எட்வர்ட் ஹீத்தின் கன்சர்வேட்டிவ் அரசு 1971 அக்டோபர் 28 அன்று நாடாளுமன்ற ஒப்புதல் பெற்றபோது, தொழிலாளர் கட்சி உறுப்பினர்கள் 69 பேர் கட்சிக் கட்டளையை மீறி அரசுக்கு ஆதரவாக வாக்களித்தனர். 1973 ஜனவரி 1 அன்று பிரிட்டன் உறுப்பு நாடானது.

பொதுவாக்கெடுப்பு என்ற எண்ணத்தைத் தொழிலாளர் கட்சிக்குள் விடாமல் வலியுறுத்தியவர் டோனி பென். முதலில் மறுத்த கட்சித் தலைவர் ஹெரால்ட் வில்சன், பிளவுபட்ட கட்சியை ஒன்றாக வைத்திருக்க வேறு வழியில்லாமல் அதை ஏற்றார். பொதுவாக்கெடுப்புக்குச் சில மாதங்கள் முன்பு பிரிஸ்டல் தொகுதி வாக்காளர்களுக்கு பென் எழுதிய கடிதம், இந்த விவாதத்தின் மூல ஆவணங்களில் ஒன்று. மக்கள் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர்களே சட்டமியற்ற வேண்டும், வரி விதிக்க வேண்டும். பிடிக்காதவர்களை மக்கள் வாக்குச்சீட்டால் வெளியேற்றவும், அவர்கள் இயற்றிய சட்டங்களை மாற்றவும் முடிய வேண்டும். நாம் தேர்ந்தெடுக்காதவர்களிடம், நம்மால் நீக்கவும் முடியாதவர்களிடம் இந்த அதிகாரம் போய்ச் சேர்கிறது என்பதே அதன் சாரம். பென்னுக்கு இறையாண்மை வெறும் கொள்கைப் பெருமிதமல்ல. தொழில்களை அரசுடைமையாக்கவும், இறக்குமதியைக் கட்டுப்படுத்தவும், பொருளாதாரத்தைத் திட்டமிடவும் ஒரு சோஷலிச அரசுக்குச் சுதந்திரம் வேண்டும்; பிரஸ்ஸல்ஸ் விதிகள் அதன் கையைக் கட்டும் என்று அவர் கருதினார்.

பிரதமரான வில்சன் உறுப்பு நாடுகளுடன் மறுபேச்சு நடத்தி, நியூசிலாந்து வெண்ணெய், காமன்வெல்த் சர்க்கரை, பிரிட்டனின் நிதிப் பங்கு ஆகியவற்றில் சில சலுகைகளைப் பெற்றுத் திரும்பினார். அமைச்சரவை 16க்கு 7 என்று பிரிந்தது. நாடாளுமன்றத்தில் நீடிப்புக்கு ஆதரவாக 396 வாக்குகளும் எதிராக 170 வாக்குகளும் விழுந்தன. அதில் தொழிலாளர் கட்சி உறுப்பினர்கள் 145 பேர் எதிர்த்தனர், 137 பேர் மட்டுமே ஆதரித்தனர். அதாவது, பிரதமரின் தீர்மானத்தை நிறைவேற்றித் தந்தவர்கள் எதிர்க்கட்சியான கன்சர்வேட்டிவ்கள்தான். அக்கட்சியின் புதிய தலைவர் மார்கரெட் தாட்சர், ஒன்பது உறுப்பு நாடுகளின் கொடிகளைப் பின்னிய ஸ்வெட்டரை அணிந்துகொண்டு நீடிப்புக்காகப் பிரச்சாரம் செய்தார்.

1975இல் மக்களிடம் வெறும் வணிகச் சந்தை என்று சொல்லி ஏமாற்றிவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு பிற்காலத்தில் மிகவும் பிரபலமானது. ஆவணங்கள் அதற்கு இடம் தரவில்லை. அந்த ஆண்டு ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று துண்டறிக்கைகள் போய்ச் சேர்ந்தன: அரசுடையது ஒன்று, ஆதரவுத் தரப்புடையது ஒன்று, எதிர்ப்புத் தரப்புடையது ஒன்று. எதிர்ப்புத் துண்டறிக்கை, நம்மை நாமே ஆளும் உரிமையைத் தன் முதன்மை வாதமாகவே வைத்தது. அரசின் துண்டறிக்கையும் அந்தக் கேள்வியைத் தவிர்க்கவில்லை. பிரிட்டனைப் பொதுச்சந்தைக்குள் கொண்டுவந்த சட்டத்தை ரத்து செய்யும் இறுதி உரிமை வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றத்திடமே இருக்கிறது என்று அது எழுதியது. அதே அறிக்கை, பொருளாதார, நாணய ஒன்றியத்தால் வேலைவாய்ப்புக்கு வரவிருந்த ஆபத்து நீங்கிவிட்டது என்றும் உறுதியளித்தது. குறை சொல்ல வேண்டுமென்றால் இந்த உறுதிமொழியைத்தான் சொல்ல வேண்டும். 17 ஆண்டுகளுக்குள் மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கை அந்த நாணய ஒன்றியத்தை மறுபடி மேசைக்குக் கொண்டுவந்தது.

ஆக, இறையாண்மை வாதத்தை மக்கள் கேட்டார்கள், கேட்டும் 67.2 விழுக்காட்டினர் நீடிப்பையே தேர்ந்தெடுத்தனர். ஷெட்லாந்து, மேற்குத் தீவுகள் ஆகிய இரண்டு பகுதிகள் மட்டுமே மறுத்தன. விலைவாசி ஆண்டுக்கு 24 விழுக்காடு ஏறிக்கொண்டிருந்த காலம் அது. பெரிய நாளேடுகளும் பெருநிறுவனங்களும் ஒரே பக்கம் நின்றன. வலதுசாரி ஈனக் பவலும் இடதுசாரி பென்னும் ஒரே அணியில் இருந்தது, நடுவில் நின்ற வாக்காளரை இன்னும் மிரள வைத்தது. 1983இல் தொழிலாளர் கட்சி விலகலைத் தேர்தல் அறிக்கையிலேயே சேர்த்தது. கிடைத்தது 27.6 விழுக்காடு வாக்கும் 209 இடங்களும்.

1988 செப்டம்பர்

தொழிலாளர் கட்சி மூன்று தேர்தல்களில் அடுத்தடுத்துத் தோற்ற பின், தாட்சர் அரசால் ஒடுக்கப்பட்டிருந்த தொழிற்சங்கங்கள் 1988 செப்டம்பரில் போர்ன்மத் நகரில் மாநாடு கூட்டின. அங்கே பேச அழைக்கப்பட்டிருந்தவர் ஐரோப்பிய ஆணையத் தலைவர் ஜாக் டெலோர். செப்டம்பர் 8 அன்று அவர் சொன்னது இதுதான்: ஒற்றைச் சந்தை முதலாளிகளுக்கு மட்டுமானதல்ல, தொழிலாளர் உரிமைகளும் கூட்டுப் பேரமும் ஐரோப்பிய அளவில் காக்கப்படும். வெஸ்ட்மின்ஸ்டரில் தங்களுக்கு எதுவும் கிடைக்காது என்று தெரிந்துபோன பிரதிநிதிகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். 1975இல் பொதுச்சந்தையை முதலாளிகளின் மன்றம் என்று எதிர்த்த இயக்கம், தாட்சருக்கு எதிரான தன் அரணை பிரஸ்ஸல்ஸில் கண்டது.

பன்னிரண்டு நாள் கழித்து, செப்டம்பர் 20 அன்று, பெல்ஜியத்தின் புரூஜ் நகரில் தாட்சர் பேசினார். பிரிட்டனில் அரசின் எல்லைகளைச் சுருக்கியது, அவை ஐரோப்பிய அளவில் மறுபடி திணிக்கப்படுவதைப் பார்ப்பதற்காக அல்ல என்றார். விலகலை அவர் கோரவில்லை. அந்த உரை முழுவதிலும் ஐரோப்பாவில் பிரிட்டனின் இடத்தை வலியுறுத்தவே செய்தார். ஒற்றைச் சந்தைக்கு வழிவகுத்த 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டதும் அவருடைய அரசுதான். ஆனால் அந்த உரையின் பெயரிலேயே அடுத்த ஆண்டு ஒரு குழு உருவானது, வலதுசாரி ஐரோப்பிய எதிர்ப்புக்கு அதுவே ஊற்றானது. பென் சோஷலிசத்துக்காகக் கேட்ட சுதந்திரத்தை இவர்கள் திறந்த சந்தைக்காகக் கேட்டார்கள்.

அதே 1988இல்தான் ஸ்காட்லாந்து தேசியக் கட்சியும் திரும்பியது. 1975இல் பொதுச்சந்தையை எதிர்த்த அக்கட்சி, ஐரோப்பாவுக்குள் சுதந்திர ஸ்காட்லாந்து என்ற கொள்கையை ஏற்றது. ஒரே ஆண்டில் மூன்று இயக்கங்கள் திசை மாறியதை ஆய்வாளர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் எண்ணம். பின்னர் நடந்தவை பெரும்பாலும் இந்த மாற்றத்தின் விளைவுகளே.

நீதிமன்றமும் நாணயமும்

பென் 1975இல் ஊகமாகச் சொன்னதை ஒரு மீன்பிடி வழக்கு நிதர்சனமாக்கியது. ஸ்பெயின் நாட்டு நிறுவனங்கள் தங்கள் படகுகளைப் பிரிட்டனில் பதிவு செய்து, பிரிட்டனுக்கு ஒதுக்கப்பட்ட மீன் பங்கைப் பிடித்தன. அதைத் தடுக்க நாடாளுமன்றம் 1988இல் வணிகக் கப்பல் சட்டம் இயற்றியது. ஃபேக்டர்டேம் என்ற நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 1990இல், ஐரோப்பிய நீதிமன்றத்தின் தீர்ப்பைப் பின்பற்றி, அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இயங்கிய பிரபுக்கள் அவை தன் சொந்த நாடாளுமன்றத்தின் சட்டத்தையே நிறுத்தி வைத்தது. ஆனால் பிரிட்டனைப் பொதுச்சந்தைக்குள் கொண்டுவந்த 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் ஐரோப்பியச் சட்டத்துக்கு இந்த முன்னுரிமையைக் கொடுத்ததும் அதே நாடாளுமன்றம்தான் என்பதை மறக்கலாகாது.

1992இல் மாஸ்ட்ரிக்ட் கையெழுத்தானது. அதே ஆண்டு செப்டம்பர் 16 அன்று ஐரோப்பிய நாணய மாற்று ஏற்பாட்டிலிருந்து பவுண்டு விரட்டப்பட்டது. 1993இல் விலகலைக் கோரும் யுகிப் (ஐக்கிய ராஜ்ய சுதந்திரக் கட்சி) பிறந்தது. 2004இல் கிழக்கு ஐரோப்பிய நாடுகள் சேர்ந்தபோது பிரிட்டன், அயர்லாந்து, சுவீடன் ஆகிய மூன்றும் மட்டுமே வேலைச் சந்தையை உடனே முழுமையாகத் திறந்தன. பிரிட்டனுக்கு வந்தவர்கள் அரசின் கணிப்பைவிடப் பல மடங்கு அதிகம். குடியேற்றம் இறையாண்மை வாதத்தோடு சேர்ந்தது இந்தக் கட்டத்தில்தான். யாரை உள்ளே விடுவது என்பதை யார் முடிவு செய்வது என்று கேட்டபோது, பென்னின் பழைய கேள்விக்கு இதுவரை இல்லாத மக்கள் பலம் கிடைத்தது.

2016 பொதுவாக்கெடுப்பில், பிரிட்டனில் வசித்த காமன்வெல்த் குடிமக்களுக்கு, இந்தியர், இலங்கையர் உட்பட, வாக்குரிமை இருந்தது. அங்கேயே வாழ்ந்த பிரெஞ்சு, போலந்துக் குடிமக்களுக்கு இல்லை. பென் மரபில் வளர்ந்து 1975இல் விலகலுக்கு வாக்களித்த ஜெரமி கார்பின், தொழிலாளர் கட்சித் தலைவராக நீடிப்புக்கு வாக்குக் கேட்க வேண்டியிருந்தது. அவர் அதை உற்சாகமில்லாமல் செய்தார் என்று பலர் குறைபட்டனர். வரலாறு தெரிந்தவர்களுக்கு அதில் வியப்பில்லை. 1975இல் 58.4 விழுக்காடு ஆதரவோடு தயங்கி நின்ற ஸ்காட்லாந்து, இப்போது 62 விழுக்காட்டோடு நீடிக்கச் சொன்னது. இங்கிலாந்து 53.4 விழுக்காட்டோடு விலகச் சொன்னது. வாக்களிப்பு நாளில் கருத்துக்கணிப்பாளர் ஆஷ்கிராஃப்ட் பிரபு நடத்திய கருத்துக்கணிப்பில், விலகலுக்கு வாக்களித்தவர்களில் 49 விழுக்காட்டினர் முதல் காரணமாகச் சொன்னது, பிரிட்டன் பற்றிய முடிவுகள் பிரிட்டனிலேயே எடுக்கப்பட வேண்டும் என்பதை; குடியேற்றத்தை முதலாவதாகச் சொன்னவர்கள் மூன்றில் ஒரு பங்கினர்.

இதைப் பார்க்கும்போது, 2016ஐப் பகுத்தறிவற்ற வெடிப்பு என்று எழுதுவது தவறு. அந்த வாக்காளர்கள் எல்லோரும் பொருளாதார விளைவுகளை எடைபோட்டுத்தான் வாக்களித்தார்கள் என்று சொல்வதும் மிகை. தலைமுறைகளாகக் கேட்டுப் பழகிய ஒரு வாதத்துக்கு, முதல் முறையாகப் பெரிய நாளேடுகள் பலவும் துணை நின்றன. 1975இல் இல்லாமல் போனது இந்தத் துணைதான்.

2020 ஜனவரி 31 அன்று பிரிட்டன் வெளியேறியது. 1988இல் டெலோருக்குக் கைதட்டிய இயக்கத்தின் கட்சி 2024இல் ஆட்சிக்கு வந்தபோது, ஒற்றைச் சந்தைக்கோ சுங்க ஒன்றியத்துக்கோ திரும்ப மாட்டோம் என்று தேர்தல் அறிக்கையில் எழுதிக் கொடுத்துவிட்டே வந்தது.