தேசிய மாணவர் படை (மதுரை)

பள்ளி, கல்லூரி மாணவர்கள் விரும்பிச் சேரும் சீருடைப் பயிற்சி அமைப்பு. முழுப் பெயரை மதுரையில் யாரும் சொல்வதில்லை; என்.சி.சி. என்றால்தான் விளங்கும். பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்கினாலும், சேர்ந்தவர் ராணுவத்துக்குப் போயாக வேண்டும் என்பதில்லை. தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான் நிக்கோபார் இயக்ககத்தின் குழுமத் தலைமையகங்களுள் ஒன்று மதுரையில் உள்ளது.

முதல் உலகப் போரில் ஆள் பற்றாக்குறை வந்தபோது, 1917இல் பல்கலைக்கழகப் படை என்று தொடங்கியது இதன் முன்னோடி. 1920இல் அது பல்கலைக்கழகப் பயிற்சிப் படையானது. 1946இல் அமைந்த எச்.என். குன்ஸ்ரு குழுவின் பரிந்துரைப்படி 1948இல் சட்டம் இயற்றப்பட்டு, அவ்வாண்டு ஜூலை 15 அன்று இன்றைய படை பிறந்தது. மறு ஆண்டே மாணவியர் பிரிவும் வந்துவிட்டது.

விருப்பம் என்ற சொல்லுக்கு நடுவில் சில ஆண்டுகள் பொருளில்லாமல் போனது. 1962 சீனப் போருக்குப் பின், 1963இல் கல்லூரி மாணவர்களுக்குப் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. அந்தக் கட்டாயம் நடப்பில் இருந்தபோதுதான், 1965 ஜனவரி 25 அன்று மதுரை மாணவர்கள் இந்தி எதிர்ப்பு ஊர்வலம் போனார்கள். அங்கே மூண்ட மோதல் மாநிலமெங்கும் பரவியது. தெருவில் இந்தியை எதிர்த்தவர்களுக்கு மைதானத்தில் கட்டளை இந்தியில்! இந்த முரண் சட்டமன்றம் வரை போனது. அண்ணா ஆட்சியில் 1968 ஜனவரி 23 அன்று நிறைவேறிய மொழித் தீர்மானம், மாணவர் படையில் இந்திக் கட்டளைச் சொற்களைக் கைவிடவும் கோரியது. அதே ஆண்டு கட்டாயம் போயிற்று, இந்தி போகவில்லை. ‘சாவ்தான்’, ‘விஷ்ராம்’ என்ற குரல் இன்றும் கேட்கிறது. இந்தி தெரியாத பிள்ளைகளும் அதற்குப் பொருள் தேடுவதில்லை, கால்தான் புரிந்துகொள்கிறது.

பள்ளியில் இரண்டாண்டுப் பயிற்சிக்கு ‘ஏ’ சான்றிதழ்; கல்லூரியில் ‘பி’, மூன்றாம் ஆண்டில் ‘சி’. பரேடு, .22 ரைஃபிள் சுடுதல், வரைபடம் பார்த்தல், பத்து நாள் கேம்ப். பரேடு முடிந்ததும் கிடைக்கும் டிபனுக்காகவே சேர்ந்ததாகச் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்ளும் பழைய மாணவர்கள் உண்டு. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துப் பிள்ளைகளின் கணக்கு வேறு. ‘சி’ இருந்தால் ராணுவ அதிகாரி வேலைக்கான சிறப்பு நுழைவில் எழுத்துத் தேர்வு கிடையாது. காவலர் தேர்விலோ சான்றிதழுக்குத் தனி மதிப்பெண் உண்டு.