லண்டன் கடிகாரமும் கோவை வானொலிப் பெட்டியும்

1941-ஆம் ஆண்டில் கோவையில் இருந்த ஒருவர் லண்டன் வானொலியைக் கேட்க விரும்பினால் என்ன செய்திருப்பார்? அன்று கோவையில் வானொலி நிலையம் இல்லை. அது 1966-இல்தான் வந்தது. 1939-இல் தொடங்கிய திருச்சி நிலையம் இருந்தது. ஆனால் லண்டனைப் பிடிக்கச் சிற்றலைப் பெட்டி வேண்டும். கூரைக்கு மேல் ஏரியல் கம்பி கட்ட வேண்டும். பைக்காரா மின்சாரம் 1930-களிலேயே கோவைக்கு வந்துவிட்டதால் பெட்டியை இயக்குவதில் தொல்லை இல்லை.

1941 மே 3, சனிக்கிழமை. அன்றுதான் பி.பி.சி. முதன்முதலாகத் தமிழில் பேசியது. வாரம் ஒருமுறை வந்த செய்தி மடல் அது. பிற்காலத்தில் சோ. சிவபாதசுந்தரம் அதற்குச் சூட்டிய பெயரே 'தமிழோசை'.

போர்க்காலத்தில் லண்டன் வானொலியின் ஒரு நாள் எப்படி இருந்தது? காலை 7, 8, பகல் 1, மாலை 6, இரவு 9, நள்ளிரவு என்று செய்திகள். தொழிற்சாலையில் உழைப்பவர் சோர்ந்துவிடாதிருக்க 1940 ஜூன் முதல் நாள்தோறும் இசை. இரவு 9 மணிச் செய்திக்கு முன் பிக் பென் மணியோசை. 1940 அக்டோபர் 15 அன்று இந்தச் செய்தி வாசிக்கப்படும்போதே பி.பி.சி. கட்டடத்தில் குண்டு வெடித்தது. ஏழு ஊழியர்கள் மாண்டனர். ஆயினும் வாசித்தவர் நிறுத்தவில்லை.

லண்டனில் இரவு 9 என்றால் கோவையில் மணி என்ன? அன்று பிரிட்டனின் கடிகாரம் கிரீன்விச் நேரத்தைவிட ஒரு மணி முந்தியிருந்தது. நம்முடையது ஐந்தரை மணி. ஆக, இங்கே பின்னிரவு 1.30! மறுநாளே பிரிட்டன் கடிகாரத்தை மேலும் ஒரு மணி முன்னே தள்ளிவிட்டது. அதே செய்தி நமக்கு 12.30 ஆயிற்று. சிற்றலை நிலையங்கள் கிரீன்விச் நேரத்தையே சொன்னதன் காரணம் இப்போது விளங்கும். தொலைநாட்டு நேயருக்கு அவரவர் மாலைப்பொழுதில் தனி ஒலிபரப்பு தேவைப்பட்டதும் இதனால்தான்.

ஆனால் கடிகாரம் இசைந்தால் போதாது. வானமும் இசைய வேண்டும். மின்காந்த அலை நேர்கோட்டில் செல்வது. பூமியோ உருண்டை. 8,000 கி.மீ.க்கு அப்பாலுள்ள கோவைக்கு அலை எப்படி வளைந்து வரும்? வானில் அயனி மண்டலம் என்ற கூரை இருக்கிறது. 1924-இல் ஆப்பிள்டன் என்ற இயற்பியலறிஞர், பி.பி.சி.யின் போர்ன்மத் நிலையத்திலிருந்தே, நிகழ்ச்சிகள் முடிந்த பின்னிரவில் அலைகளை அனுப்பச் செய்து இக்கூரையை மெய்ப்பித்தார். இந்த ஆய்வுகளுக்காக 1947-இல் நோபல் பரிசு பெற்றார்.

இக்கூரையைக் கட்டுவது சூரியன். பகலில் கீழடுக்கு நீண்ட அலைகளை விழுங்கிவிடும். எனவே 16, 19 மீட்டர் போன்ற குறுகிய அலைகளே ஏற்றவை. இரவில் மேலடுக்கின் எலெக்ட்ரான் அடர்த்தி குறைவதால் அவை விண்ணுக்கு ஓடிவிடும். அப்போது 31, 49 மீட்டர் கைகொடுக்கும். நமக்கு இரவு, லண்டனில் பகல் என்றால்? இரண்டுக்கும் இடைப்பட்ட அலைகளைத் தேர்ந்து, பல அலைவரிசைகளில் ஒரே நேரத்தில் அனுப்பினார்கள். மூன்று முறையாவது வானுக்கும் பூமிக்குமிடையே துள்ளி வந்த அந்தக் குரல், கிணற்றுக்குள் இறங்கி ஏறுவதுபோல் தேய்ந்தும் ஓங்கியும் ஒலித்தது.

ஒன்று கவனியுங்கள். இந்தக் கூரை யாருக்கும் சொந்தமில்லை. 1942-இல் ஜெர்மனியிலிருந்து சுபாஷ் சந்திர போஸின் ஆசாத் ஹிந்த் வானொலி பேசியபோது, அதையும் அதே அயனி மண்டலமே இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. ஆள்பவரின் குரலுக்கும் எதிர்ப்பவரின் குரலுக்கும் பெட்டியில் குமிழின் ஒரு சிறு திருப்பமே தூரம். எது உண்மை என்று முடிவு செய்யும் பொறுப்பு கேட்பவரிடமே இருந்தது.

தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30-இல் நின்றுவிட்டது. அந்தப் பொறுப்பு மட்டும் இன்னும் நம்மிடமே இருக்கிறது.