பெயரில் எஞ்சிய மக்கள்

1964 ஆம் ஆண்டுப் புயல்வரை தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடி வழியே சென்னை செல்வது மன்னார்த் தீவினருக்கு எளிதாயிருந்தது. அந்நகரின் நேரு விளையாட்டரங்கு நிற்கும் மண்ணின் வரலாறு நாம் கற்கத்தக்கது.

1859-60 இல் ஆளுநராயிருந்த திரெவெலியன் காலத்தில் அங்கு 'மக்கள் பூங்கா' தோன்றியது. ஆண்டிறுதியில் கண்காட்சி கூடிற்று. 1886 டிசம்பர் 31 இல் அக்கண்காட்சியில் தீப்பற்றி 400 பேருக்கு மேல் மாண்டனர்.

பின்னர் பூங்கா துண்டு துண்டாயிற்று. 1900 இல் மூர் மார்க்கெட்டும் 1913 இல் ரிப்பன் மாளிகையும் எழுந்தன. மாநகராட்சி விளையாட்டரங்கும் அங்கேயே அமைந்தது. அவ்வரங்கில் 1956 இல் மன்கடும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் குவித்தனர். அதன் இடத்தில் 1993 இல் இன்றைய அரங்கு கட்டப்பட்டது.

விளையாட்டின் வளர்ச்சியை நாம் குறைகூறவில்லை. ஆனால் 413 என்ற எண்ணை நினைவில் வைத்த உலகம், தீயில் மாண்ட எளிய மக்களை மறந்ததேன்? பூங்கா சுருங்கச் சுருங்க, மக்கள் பெயரில் மட்டுமே எஞ்சினர்.

தாழ்வுபாட்டில் கரைவலை இழுக்கும் மணலும் பிள்ளைகள் ஆடும் வெளியும் பொதுநிலமே. அங்கு நாளை எது எழுந்தாலும், அதன் கதவு யாருக்குத் திறக்கும் என்பதே நமது முதற்கேள்வியாகட்டும்.