டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.ஆர். 310

டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.ஆர். 310 என்பது ஒசூரில் தயாரிக்கப்படும் விளையாட்டு வகை மோட்டார் சைக்கிள் ஆகும். 1911இல் மதுரையில் டி. வி. சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய குழுமத்தின் வழிவந்த டி.வி.எஸ். மோட்டார் நிறுவனம் இதனை 2017 திசம்பரில் அறிமுகப்படுத்தியது. 312.2 கன செ.மீ. கொள்ளளவுடைய இதன் பொறி, செருமனியின் பி.எம்.டபிள்யூ. மோட்டார்ராட் நிறுவனத்துடன் இணைந்து உருவாக்கப்பட்டது.

விருப்பத் தெரிவுகள்

2021இல், வாங்குபவரே கூறுகளைத் தெரிவு செய்து முன்பதிவு செய்யும் முறை அறிமுகமானது. அவ்வாண்டின் 'டைனமிக்' தொகுப்பில் முன், பின் அதிர்வுதாங்கிகளை ஓட்டுநரின் எடைக்கும் சாலைக்கும் ஏற்பத் திருத்தலாம். 'ரேஸ்' தொகுப்பில் கைப்பிடி தாழ்ந்தும் கால்தாங்கி உயர்ந்தும் அமைந்தன. ஓட்டுநர் முன்குனிந்து அமர்வதால் இது பந்தயத் தடத்திற்குப் பொருந்தும். மதுரையின் மாசி வீதிகள் போன்ற நெரிசல் மிக்க தெருக்களில் மணிக்கட்டும் முதுகும் விரைவில் களைப்படையும். இவ்விரு தொகுப்புகளும் பொறியின் திறனைக் கூட்டுவதில்லை. ஆகவே தெரிவு, வண்டி பெரும்பாலும் ஓடும் சாலையைப் பொறுத்ததாகும்.