கோடையில் பார்த்த கரை

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகும் வழியில் கண்மாய்கள் வருஷத்தில் பெரும்பகுதி வறண்டே கிடக்கும். அப்போது கரையில் ஒரு குறையும் தெரியாது. ஐப்பசியில் நீர் முட்டி நிற்கும்போதுதான் எலி வளை இருந்த இடத்தில் கசிவு காணும். வளை அன்றைக்கு விழுந்ததல்ல, கோடையிலேயே இருந்ததுதான்.

கம்ப்யூட்டர் உலகத்திலும் இப்படி ஒரு வளை உண்டு. பத்துப் பேர் கேட்டால் ஒழுங்காகப் பதில் சொல்லும் இணையச் சேவை, பதினாயிரம் பேர் ஒரே சமயத்தில் பரீட்சை முடிவு கேட்டால், யாரோ சிலருக்கு மட்டும் 'நல் ரெபரன்ஸ்' என்று பிழை காட்டிக் கையை விரித்துவிடும். விலாசச் சீட்டைப் பிரித்தால் உள்ளே எழுத்தே இல்லை என்பதுதான் அதன் அர்த்தம்.

அந்த வெற்றுச் சீட்டைப் படைத்தவர் 1934-ல் கொழும்பில் பிறந்த டோனி ஹோர். 1965-ல் 'அல்கால் டபிள்யூ' என்ற கணினி மொழியை வகுக்கும்போது, செய்வதற்குச் சுலபமாக இருக்கிறதே என்று அதைச் சேர்த்துவிட்டார். நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 2009-ல், லண்டன் மாநாடு ஒன்றில் அது தமது நூறு கோடி டாலர் தவறு என்று அவரே ஒப்புக்கொண்டார். பெரிய மனசு!

சரி, சீட்டு சில சமயம் மட்டும் ஏன் வெறுமையாகிறது? ஒரே பெட்டியில் இரண்டு குமாஸ்தாக்கள் கைவைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். சீட்டு இருக்கிறது என்று பார்த்துவிட்டு ஒருவர் கை நீட்டுவதற்குள், புதியது வைப்பதற்காக மற்றவர் பழையதை எடுத்துவிடுகிறார். கூட்டமில்லாத நாளில் இருவர் கையும் மோதுவது அபூர்வம். ஆராயப் போனால் ஒளிந்துகொள்ளும் இத்தகைய பிழையை, 1985-ல் டாண்டம் நிறுவனத்து ஜிம் கிரே தம் அறிக்கையில் 'ஹைசன்பக்' என்று குறிப்பிட்டார். மறுபடி முயன்றால் பெரும்பாலும் வேலை நடந்துவிடும் என்பதும் அவர் கண்டதே. வேலை நடக்கும், வளை அடைபடாது.

'சீட்டு வெறுமையானால் பேசாமல் தாண்டிப் போ' என்று எழுதிவிடுவது, வளை வாயில் வைக்கோலைச் செருகுவதுதான். செயற்கையாகக் கூட்டத்தை உண்டாக்கி, ஒவ்வொரு கோரிக்கைக்கும் எண்ணிட்டு, எந்தக் கணத்தில் பெட்டி யார் கையில் இருந்தது என்று குறித்துப் பார்க்க வேண்டும். பெட்டியருகே ஒரு சமயத்தில் ஒருவர்தான் நிற்கலாம் என்ற 'மானிட்டர்' ஏற்பாட்டை 1974-ல் விளக்கி எழுதியவரும் அதே ஹோர்தான்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. மழைக்கு முன்பே கூடிக் கரையைச் செப்பனிடும் குடிமராமத்து வழக்கத்தை மீறினால் தண்டனை என்று 1858-ல் சென்னை ராஜதானிக்குச் சட்டமே வந்தது. கோடை வெயிலில் கரையைச் சுற்றி வருகிறவனைப் பார்த்து, வேலையற்றவன் என்று சிரிப்பார்கள். கார்த்திகையில் அவனுக்குக் கீழேயுள்ள வயல்கள் பிழைத்திருக்கும்.