தியத்தலாவையிலிருந்து சென்ற மடல்கள்

1900ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே கொழும்புத் துறைமுகத்தில் இறக்கப்பட்ட போர்க்கைதிகள் சில நூற்றுவர் மலைநாட்டுப் புகையிரதத்தில் ஏற்றப்பட்டனர். அட்டன், நானுஓயா நிலையங்களைக் கடந்து, தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலைச்சாரல்களினூடே ஏறி, 6,200 அடி உயரமுள்ள பட்டிப்பொல உச்சியைத் தாண்டி, அவர்கள் தியத்தலாவையை அடைந்தனர். தோட்டத்து விளைவைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லுதற்காக இடப்பட்ட அப்பாதை பண்டாரவளையை எட்டியது 1894இலேதான். ஆறே ஆண்டுகளில் அது தன் பயணத்தின் மறுதிசையிலே மனிதச் சிறைச்சுமையை ஏற்றிச் செல்லலாயிற்று.

வந்தவர்கள் தென்னாபிரிக்காவின் திரான்சுவால், ஓரஞ்சு சுதந்திர நாடு என்னும் இரு குடியரசுகளையும் சேர்ந்த போயர்கள். முற்காலத்திற் குடியேறிய ஒல்லாந்தர் முதலியோரின் வழிவந்த கமக்காரர். 1899 ஒக்டோபரில் ஆங்கிலேயருக்கெதிராகத் தத்தம் குதிரையுடனும் துப்பாக்கியுடனும் போருக்கெழுந்த இவர்களுள் மீசை அரும்பாத சிறுவரும் இருந்தனர்; பேரப்பிள்ளைகளைக் கண்ட முதியவரும் இருந்தனர். 1900 யூலை இறுதியிற் பிரின்சுலூ என்னும் தளபதி நாலாயிரத்துக்கும் மேற்பட்டோருடன் சரணடைந்தபின் கைதிகளை வைத்திருக்க ஆங்கிலேயருக்கு இடம் போதவில்லை. சென்ற் எலேனா, பெர்மூடா தீவுகளும், இந்தியாவிலே திருச்சிராப்பள்ளி, நீலகிரி உள்ளிட்ட பல இடங்களும் இவர்களுக்குச் சிறைகளாயின. இலங்கைக்கு வந்தோர் ஏறத்தாழ 5,000 பேர். சேர் யோசெப் வெஸ்ற் றிட்ஜ்வே அப்பொழுது தேசாதிபதியாயிருந்தார்.

தகரக் கொட்டில்களும் முட்கம்பி வேலியுமாக அமைந்த தியத்தலாவை முகாம் குளிர்ந்த மலைக்காற்றுள்ள இடமாதலின் உடல்நலத்துக்கு ஏற்றதெனத் தெரிவு செய்யப்பட்டது. ஆயினும் சில திங்களுள்ளே சின்னமுத்தும் நெருப்புக் காய்ச்சலும் அங்கே பரவின. நெருப்புக் காய்ச்சல் அப்போரின் பெருங்கொலைஞன் எனலாம். அதில் மாண்ட ஆங்கிலப் படையினர் ஏறத்தாழ 22,000 பேரில் மூன்றில் இரு பங்கினரைக் கொன்றது குண்டன்று, நோயே. கெட்ட நீராலும் ஈக்களாலும் பரவும் அந்நோயின் கிருமி 1880இலே கண்டறியப்பட்டிருந்தும், அதனை அடக்கும் மருந்து 1948 வரை கிடைக்கவில்லை. பாலுணவும் தண்ணீர் ஒத்தடமும் செவிலியரின் விழிப்புமே அக்கால வைத்தியம்.

இந்நோயின் போக்கை அறியாது அக்கால வைத்தியசாலை மடல்களின் நிலையை உணர்தல் அரிது. முதல் வாரத்திலே காய்ச்சல் படிப்படியாக ஏறும்; தலையிடி மிகும்; எனினும் எழுதுகோலைப் பிடிக்கக் கை வலிமை இருக்கும். மூன்றாம் வாரத்திலே நினைவு தடுமாறும். குடலிலிருந்து குருதி பெருகி உயிர் போவதும் பெரும்பாலும் அப்போதுதான். அதைக் கடந்து பிழைத்தவன் மீண்டும் எழுதுவதற்கு நாலைந்து வாரமாகும். ஆதலால் நோயாளியின் மடல் ஒன்றிற் 'சிறிது சுகவீனம்' என்றிருந்தால், அடுத்த மடல் வரும்வரை அச்சொற்களின் பொருள் வீட்டாருக்கு விளங்காது. அடுத்த மடல் அவன் கையெழுத்தில் வருமா, குருவானவரின் கையெழுத்தில் வருமா என்பதே அவர்கள் காத்திருந்த செய்தி. செனெக்கல் என்னும் ஊரிலே குருவாயிருந்து போர்க்களத்திலே தளபதியான போல் றூ என்பவரும் தியத்தலாவைக் கைதிகளுள் ஒருவர்.

முகாமை விட்டுச் செல்லும் மடல் ஒவ்வொன்றும் தணிக்கையாளர் கைபட்டே வெளிச்சென்றது. அவரது முத்திரை பொறித்த உறைகள் இன்று முத்திரை சேகரிப்போரிடையே விலைமதிப்புடையன. உறையைப் போற்றி உள்ளிருந்த மடலைத் தொலைத்துவிட்ட சேகரிப்பாளரை வரலாற்று மாணவர் நோவது இயல்பே. போர்க்கைதிகளின் கடிதங்களுக்குத் தபாற் கட்டணம் வாங்கலாகாதென 1899ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை விதித்தது. அம்மாநாட்டுக்கு அவ்விரு குடியரசுகளும் அழைக்கப்படவில்லை என்பதும் உடன்வைத்து நோக்கற்பாலது. எழுதியோர் பெரும்பாலும் திருமறை வழியாகக் கற்ற ஒல்லாந்த மொழியைக் கையாண்டனர். வீட்டிலே பேசிய ஆபிரிக்கான்ஸ் 1925இலேதான் அரசகரும மொழியாயிற்று. நோயுற்றவன் மனைவிக்கு எழுதும்போதும் பேச்சுத்தமிழை விட்டுச் செந்தமிழில் எழுத நேர்ந்தாற்போன்ற இடர் இது.

இவை யாவற்றினும் கொடியது ஒன்றுண்டு. மடல் சென்றடைய வேண்டிய வீடே இல்லாதொழிந்தது. 1900ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலே தொடங்கிய பண்ணை எரிப்பைக் கிச்சினர் பிரபு முழுமைப்படுத்தினார். ஏறத்தாழ 30,000 பண்ணை வீடுகள் தீக்கிரையாயின. பெண்களும் குழந்தைகளும் கூடார முகாம்களில் அடைக்கப்பட்டனர். அங்கும் சின்னமுத்தும் நெருப்புக் காய்ச்சலும் புகுந்தன. எமிலி ஹொப்ஹவுஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணி 1901இல் அந்நிலையை வெளிப்படுத்தியபோது இங்கிலாந்து அதிர்ந்தது. போர்முடிவில் எண்ணப்பட்ட போயர் இறப்புக்கள் 27,927. அவற்றுள் 22,074 பதினாறு வயதுக்குட்பட்டோருடையவை. தனி முகாம்களில் அடைக்கப்பட்ட ஆபிரிக்கரிலும் 14,000க்கு மேற்பட்டோர் மாண்டமை பதிவாயுள்ளது. உண்மைத்தொகை இதனினும் மிகுதி. போயர் தம் துயரை உலகறியச் செய்தபோது இவர்களை மறந்தனர் என்பதை மறைத்தல் வரலாற்றாசிரியனுக்குத் தகாது.

ஆகவே தியத்தலாவைக் கட்டிலிலிருந்து எழுதப்பட்ட மடல், ஒரு முட்கம்பி வேலியிலிருந்து புறப்பட்டு வாரக்கணக்காகக் கடலிற் சென்று, புளூம்பொன்ரீன் போன்ற நகரின் புறத்தே மற்றொரு வேலிக்குள் நுழைந்தது. இரு வாயிலிலும் தணிக்கை. நோயுற்ற தந்தை குழந்தைகளின் நலம் வினாவுகின்றான். மடல் சேரும்போது குழந்தை உயிரோடு இல்லாதிருக்கலாம். தான் பிழைத்தமை தெரிவித்து மனைவி எழுதும் மடல் மலைக்கு வரும்போது வினாவியவன் மயானத்தில் இருக்கலாம். இலங்கையில் இறந்த போயர் நூற்றுக்கு மேற்பட்டோர். தியத்தலாவை மயானத்திலே அவர்களுக்கு நினைவுக்கல் உண்டு.

அம்மயானத்தைச் சூழ்ந்த மலைகளிலே அக்காலம் மற்றொரு கூட்டத்தாரும் கடல்கடந்த வீட்டை நினைந்து கிடந்தனர். 1901ஆம் ஆண்டளவில் இலங்கைத் தோட்டங்களில் வாழ்ந்தோர் நான்கு லட்சத்துக்கு மேற்பட்டோர். பெரும்பாலார் சென்னை மாகாணத்துத் தமிழர். அவர்கள் மருத்துவத் தேவைக்கெனச் சட்டம் 1872இலே பிறந்தது. வயிற்றோட்டமும் கொக்கிப்புழு நோயும் லயங்களை விட்டு அகலவில்லை. எழுத்தறியாத நோயாளி ஊருக்குச் செய்தி அனுப்ப எழுதத்தெரிந்த ஒருவரைத் தேடினான், அல்லது ஊர் செல்வோரிடம் வாய்ச்சொல்லாகச் சொல்லி அனுப்பினான். அவனுக்குத் தணிக்கை முத்திரை இல்லை. ஆதலால் உறையும் எஞ்சவில்லை. அதே போரில், நேத்தாலிலே காந்தியடிகள் திரட்டிய ஏறத்தாழ 1,100 பேர் கொண்ட அம்புலன்ஸ் படையில் ஒப்பந்தத் தொழிலாளர் 800 பேர் வரை இருந்தனர். காயமுற்றோரைச் சுமந்த அக்கைகள் எழுதிய மடலும் நூல்களில் இடம்பெறவில்லை.

1902 மே 31இற் சமாதானம் கைச்சாத்தாகியது. ஆங்கில முடிக்கு விசுவாசப் பிரமாணம் செய்தோர் கப்பலேறினர். மறுத்தோருள் எங்கல்பிரெக்ட் என்பவர் இலங்கையிலே தங்கி, யால வனவிலங்குச் சரணாலயத்தின் முதற் காவலரானார். மடல் செல்லக்கூடிய ஊருக்கு ஆள் செல்ல முடியாத நிலையிலே இருபதாண்டு வாழ்ந்து, 1922இல் இந்நாட்டிலேயே இறந்த அவர் அம்பாந்தோட்டையில் அடக்கம் செய்யப்பட்டார்.