ரோலுக்கு 36 படம்

தூத்துக்குடிக்கு எதிரே வான் தீவுப் பக்கம் நான் முதன்முதலாகக் கேமராவோடு கடலுக்குள் இறங்கியது 1991-ல். அப்போது கல்லூரியில் விலங்கியல் ஆசிரியர் வேலை. கேமரா ஆரஞ்சு நிற நிக்கோனாஸ் 5. ஒருவர் வைத்திருந்த பழையதுதான். ஆனாலும் என்னுடைய ஒரு வருடச் சேமிப்பு அதில் போயிற்று. வீட்டில் இன்றும் அந்தப் பேச்சு உண்டு.

அதன் பூர்வீகம் பிரான்ஸ். கடலாய்வாளர் ழாக் கூஸ்தோவுக்காக ழான் தெ வூட்டர் என்ற பெல்ஜியப் பொறியாளர் வடிவமைத்தது. அதுவரை சாதாரணக் கேமராவைப் பெரிய பெட்டிக்குள் அடைத்துத்தான் தண்ணீருக்குள் கொண்டுபோனார்கள். இவரோ கேமராவையே தண்ணீர் புகாதபடி செய்துவிட்டார். கூஸ்தோவின் கப்பல் பெயரில் 'கலிப்ஸோ' என்றார்கள். 1963-ல் ஜப்பானின் நிக்கான் அதை எடுத்துக்கொண்டு நிக்கோனாஸ் என்று பெயரிட்டது. என்னுடைய ஐந்தாம் மாடல் 1984-ல் வந்தது.

அதில் லென்ஸ் வழியாகப் பார்க்க முடியாது. தூரத்தைக் கண்ணால் மதித்துக் குமிழைத் திருக வேண்டும். தண்ணீருக்குள் நாலடியில் இருப்பது மூன்றடியில் இருப்பதாகத் தெரியும். லென்ஸும் நம் கண்ணைப் போலவே ஏமாறும் என்பதால் மூன்றடி என்றே வைக்க வேண்டும். நான் படித்த மேதாவி அல்லவா, கணக்குப் போட்டுத் திருத்தித் திருத்தி முதல் இரண்டு ரோலையும் மங்கலாக்கினேன்.

கடலுக்கு அடியில் ரோல் மாற்ற வழியில்லை. 36 முடிந்தால் மேலே வரவேண்டியதுதான். "என்ன சார், அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?" என்பார் படகுக்கார அண்ணாச்சி. சிலைடு ஃபிலிமைச் சென்னைக்கு அனுப்பிக் கழுவி வாங்க இரண்டு வாரம் ஆகும். ஒருமுறை ரப்பர் வளையத்தில் ஒட்டியிருந்த ஒற்றைத் தலைமுடியை நான் கவனிக்கவில்லை. அந்த இடுக்கில் உப்புத்தண்ணீர் புகுந்து ரோல் முழுவதும் போயிற்று.

இப்படி எண்ணி எண்ணி எடுத்தால் எதை எடுப்போம்? அழகானதைத்தான். சிங்கமீன், கடல்சாமந்திக்குள் ஒளியும் கோமாளி மீன், வண்ண வண்ணமான ஓடில்லா நத்தைகள். வெறும் பவளத் தரைக்கு யார் ஃபிலிமைச் செலவழிப்பார்கள்?

நிக்கோனாஸ் உற்பத்தி 2001-ல் நின்றது. நான் 2005 வரை இழுத்தடித்தேன். கையில் தொட முடியாத படம் ஒருநாள் காணாமல் போய்விடாதா என்ற பயம். கடைசியில் மாணவர்கள் நச்சரித்து, பிளாஸ்டிக் உறையோடு ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா வாங்க வைத்தார்கள். முதல் நாளே 140 படம். ஆழத்தில் சிவப்பு மங்கி எல்லாம் நீலப்பச்சையாகிவிடுமே, அதற்கும் ஒரு வெள்ளைப் பலகையைக் காட்டிக் கேமராவைச் சரிசெய்துகொள்ளலாம். எடுத்ததை அங்கேயே பார்த்து, தவறினால் மறுபடி எடுக்கலாம். கை கொஞ்சம் சோம்பேறியானது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

படத்துக்குச் செலவில்லை என்றானதும், கயிறு கட்டி மீட்டருக்கு ஒரு படமாகக் கடல் தரையை எடுக்க ஆரம்பித்தோம். பார்க்கச் சகிக்காத படங்கள். ஆனால் 2010-ல் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் வெளுத்தபோது, முன்பு எப்படி இருந்தது என்று பக்கத்தில் வைத்துப் பார்க்க அவைதான் உதவின.

அப்போது ஒரு மாணவி கேட்டாள், "சார், 1998-லயும் வெளுத்துச்சே, அதுக்கு முன்னாடி எடுத்தது இருக்கா?"

பீரோவைத் திறந்து எழுநூறு சிலைடுகளை இரண்டு நாள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மீன்தான், மீன்தான். தரை தெரிகிற மாதிரி ஒன்றே ஒன்று கிடைத்தது. ஓரத்தில் யாருடைய துடுப்புக் காலோ தெரிய, கண்ணுக்கெட்டியவரை மான்கொம்புப் பவளம். உறையில் தேதி, 1994 மார்ச்.

ரோலின் 36-வது படம் அது. கழுவ அனுப்ப வேண்டுமே என்று, எதையும் பார்க்காமல் அழுத்தியது.